எட்டு மில்லிமீட்டர் கொலை!

பல் டாக்டர் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தார்.

ஆயுள் முழுக்க மற்றவர்களை அப்படித் திறக்கச் சொன்னவர்!

தலைக்குப் பக்கத்தில் ரத்தம். ரத்தத்துக்குப் பக்கத்தில் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமரா ஒன்று. உள்ளங்கை அளவுதான்... ஆனால் முழுக்க உலோகம்.

மாடியில் ஒற்றை அறை. கதவில் 'சின்னப் பட சங்கம்' என்று பலகை. ஜன்னல்களில் கறுப்புத் துணி. அலமாரி முழுக்க எட்டு மில்லிமீட்டர் கேமராக்கள் வரிசையாக நின்று, ஒற்றைக் கண்ணால் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இத்தனை கண்ணு பார்த்திருக்கு. ஒண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்குதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் டாக்டர் திறந்திருக்காரே சார்," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"முதல்ல பார்த்தது நீங்கதானே?"

"ஆமா. சாப்பிட வரலையேன்னு கூப்பிட வந்தேன்..."

"காலையில நீங்க போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுச்சாமே?"

"கேட்கட்டும்னுதான் போட்டேன்."

"'இன்னொரு தடவை கேமராவோட சமையல்கட்டுக்குள்ள வந்தா, அதாலேயே மண்டையைப் பொளப்பேன்'னு சொன்னீங்களா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொன்னேன். எந்தப் பொண்டாட்டி சொல்லலை?"

ஏட்டு அனுபவசாலி. தன்னை அறியாமல் தலையாட்டினார்.

"எல்லாரும் சொல்வாங்கம்மா. ஆனா உங்க வீட்டுக்காரருக்குத்தான் நிஜமாவே பொளந்திருக்கு. அதுவும் கேமராவால!"

அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"அண்ணி, தைரியமா இருங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?" தண்ணீர் நீட்டினார் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியவர். சங்கத்தின் மூத்த உறுப்பினர்.

சங்கத்தின் செயலாளர் கணக்கு வாத்தியார். இன்ஸ்பெக்டர் அடுத்து அவரைப் பிடித்தார்.

"டாக்டர் இங்கே என்ன பண்ணிட்டிருந்தார்?"

"படம் எடுத்துட்டிருந்தார் சார். எங்களை மாதிரி சொந்த ஆசைக்குப் படம் எடுக்கறவங்களைப் பத்தி... எங்க பழைய கேமராக்களைப் பத்தி."

"படம் எடுக்கறதைப் பத்தி ஒரு படமா?"

"ஆமா சார்."

"அதை யாரு பார்ப்பா?"

"படம் எடுக்கறவங்கதான்."

இன்ஸ்பெக்டருக்கு லேசாகத் தலை சுற்றியது.

"சரி... நீங்கல்லாம் என்னதான் எடுப்பீங்க?"

"நான் மழையை எடுப்பேன். டாக்டர் தன்னையே எடுப்பார். இவரு..." வாத்தியார் கண்ணாடிக் கடைக்காரரைக் காட்டினார். "அவர் வீட்டுப் பூனையை எடுப்பாரு. பூனையை மட்டும்! இவர் படம் ஆரம்பிச்சா நாங்கல்லாம் பாதியில எழுந்து டீ குடிக்கப் போயிடுவோம்."

கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். உதட்டால் மட்டும்.

"ஸ்டாண்டுல இன்னொரு கேமரா நிக்குதே?"

"அது தன்னைத்தானே பேட்டி எடுக்க வச்சது சார். பட்டனைப் பூட்டிட்டா, சாவி தீர்ற வரைக்கும் தானா ஓடும்." வாத்தியார் குனிந்து, ஃபிலிம் ஓடிய அளவைக் காட்டும் அதன் மீட்டரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் உடைந்தது. "சார்... ஓடியிருக்கு!"

அப்படியானால்... கொலைகாரன் அதற்குள்தான் இருக்கிறான்!

ஏட்டு ஒரே பாய்ச்சலில் கேமராவின் மூடியைப் பிடித்தார்.

"திறக்காதீங்க!" மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் அலறின. "வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு!"

ஏட்டு சூடுபட்டது போலக் கையை எடுத்தார்.

டாக்டரின் மனைவி எழுந்து நின்றாள். "லேபுக்கு அனுப்புங்க சார். அதுல நான் இருக்க மாட்டேன். எனக்கு வேற சாட்சி இல்ல."

அடுத்த வாரம் அதே அறை. அதே ஆட்கள். மேஜைமேல் இரண்டு குட்டிச் சுருள்கள்.

"எதுக்கு ரெண்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம் சார்," என்றார் வாத்தியார். "முதல்ல ஒரு ஓரமா படம் பதியும். முடிஞ்சதும் சுருளைத் திருப்பிப் போட்டா இன்னொரு ஓரத்துல பதியும். கழுவினதும் லேப்ல நடுவுல கிழிச்சு ரெண்டாக்கித் தருவாங்க."

விளக்கு அணைந்தது. புரொஜக்டர் கரகரத்தது.

திரையில் ஒரு நாற்காலி.

காலி நாற்காலி...

இன்னும் காலி நாற்காலி...

பிறகு கறுப்பு.

"நாற்காலி நல்லா நடிச்சிருக்கு சார்," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "டாக்டர் வந்து உட்கார்றதுக்கு முன்னாடியே சாவி தீர்ந்திருக்கு. வெளியாள் யாரும் இதுல இல்லம்மா. கேமரா உங்களைக் காப்பாத்தல. கிளம்புங்க."

"இன்னொரு சுருள் இருக்கே!"

"அது காலி அண்ணி," கண்ணாடிக் கடைக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். "திருப்பிப் போடறதுக்குள்ளதான் அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரே... எதுக்கு சார் இவங்களை இன்னும் வதைக்கணும்?"

"நியாயம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். ஏட்டு விலங்கை எடுத்தார்.

அவள் அசையவில்லை.

"இருபது வருஷமா அந்த மனுஷன் எடுத்ததையெல்லாம் கொட்டாவி விடாமப் பார்த்தவ நான். கடைசியா அவர் எடுத்தது வெறும் கறுப்பா இருந்தாலும் சரி... பார்த்துட்டுத்தான் வருவேன்!"

அந்தக் குரலுக்கு எதிராகப் பேச ஏட்டுக்கே துணிவில்லை. இரண்டாவது சுருளை வாத்தியார் மாட்டினார்.

கரகர...

திரையில் பளீரென்று வெளிச்சம்!

ஒரு ஜன்னல். ஜன்னலில் வெயில். வெயிலில்... ஒரு வெள்ளைப் பூனை!

அது நிதானமாக முன்னங்காலை நக்கியது.

வாத்தியார் பழக்கதோஷத்தில் எழுந்தே விட்டார். "ஐயோ... மறுபடியும் அதே படமா! நான் டீ குடிக்கப் போறேன்."

"அதே படம் இல்லய்யா!" இருட்டில் ஒரு குரல் அடிபட்டுத் துடித்தது. "இது புது ஷாட்! இன்னும் யாருக்குமே காட்டலை! அந்தக் கொட்டாவியைப் பாரு, வெயில் எப்படி மீசையில..."

குரல் அறுந்தது.

திரையில் பூனை கொட்டாவி விட்டது.

விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வியர்வையில் குளித்திருந்தார்.

"யாருக்குமே காட்டாத உங்க பூனை..." இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "டாக்டரோட கேமராவுக்குள்ள எப்படிங்க புகுந்துச்சு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவன் படத்துல எனக்கு எவ்வளவு இடம் குடுத்தான் தெரியுமா சார்? என் பூனையோட வால்! முகத்தையெல்லாம் வெட்டிட்டான். கேட்டதுக்கு, 'வாலே ஜாஸ்தி'ன்னான்! கையில கேமரா இருந்துச்சு... ஓங்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் ஸ்டாண்டுல ஓடற சத்தமே கேட்டுச்சு. அந்த ரோலை உருவிட்டேன். வீட்டுல எரிச்சாச்சு. கேமராவைக் காலியா விட்டா விஷயம் தெரிஞ்சவன் வேலைன்னு கண்டுபிடிச்சுடுவீங்களே! என் பையில இருந்த ரோலைப் போட்டு, காலி நாற்காலியைப் படம் பிடிச்சு வச்சேன். அதோட ஒரு பக்கத்துல ஏற்கெனவே பூனை இருந்துச்சு. உங்களுக்கு எங்கே ரெண்டு பக்கமெல்லாம் தெரியப் போகுதுன்னு..."

"பையில புது ரோலே இல்லையா?"

"ஒண்ணு இருந்துச்சு." குரல் தழைந்தது. "அது இப்பல்லாம் கிடைக்கறதில்ல சார். பிரிக்க மனசு வரலை."

"ஆளை அடிக்க மனசு வந்துச்சு... ரோலைப் பிரிக்க வரலையாக்கும்!"

டாக்டரின் மனைவி வெற்றுத் திரையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "பூனை குறுக்கே வந்தா ஆகாதுன்னு சொல்வாங்க. எனக்கு வந்துதான் உயிர் பிழைச்சுது."

விலங்கு மாட்டிய கையோடு கண்ணாடிக் கடைக்காரர் படியிறங்கினார். ஜீப்பில் ஏறப் போனவர் தயங்கித் திரும்பினார்.

"சார்... அந்தப் பூனைச் சுருளை என்ன பண்ணுவீங்க?"

"கோர்ட்டுல போட்டுக் காட்டுவோம். சந்தோஷப்படுங்க..." இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். "முதல் தடவையா உங்க படத்துக்கு ஒருத்தரும் பாதியில எழுந்து டீ குடிக்கப் போக மாட்டாங்க!"