அண்ணாந்து பார்க்காதே!

விளக்குக் கடையின் நடுவில் ஒரு பிணம் கிடந்தது.

அதற்கு நாலடி தள்ளி இன்ஸ்பெக்டர் கிடந்தார்.

பிணம் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அமைதியாக இருந்தது. இன்ஸ்பெக்டரோ தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்க... யாராவது நிறுத்துங்க..." என்று முனகினார்.

"எதை மேடம் நிறுத்தணும்?" என்றார் ஏட்டு.

"கடையை."

கடை அது பாட்டுக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. சுற்றியது அந்த அம்மாளின் தலை!

இரண்டு வருஷமாக இந்தக் கூத்து. ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு டாக்டர் டென்ஷன் என்றார். இன்னொருவர் தூக்கம் போதாது என்றார். மூன்றாமவர், "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டுப் புருஷனை ஒரு மாதிரி பார்த்தார். வியாதிக்கு மட்டும் ஒருத்தரும் பேர் சொல்லவில்லை.

மேலதிகாரி போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னு தெரிஞ்சா, கேஸ் கிடையாது. ஆபீஸ்ல நாற்காலிதான்."

நம் இன்ஸ்பெக்டருக்கு ஆபீஸ் நாற்காலி என்றாலே வேப்பங்காய்.

"நான் விழல ஏட்டய்யா. தடயம் தேடினேன்."

"அப்படியேதான் மேடம் எழுதப்போறேன்."

தலை ஒருவழியாக நின்றது. எழுந்தார்.

இறந்தவர் கடை முதலாளி. கூரையில் தொங்கிய பெரிய சரவிளக்கு அவர் தலையில் இறங்கியிருந்தது. ஏட்டு ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கயிறு தானா அறுந்தது இல்ல மேடம். கத்தி பட்டிருக்கு. யாரோ ஏணி ஏறி அறுத்திருக்காங்க."

"கடைச் சாவி யார்கிட்ட?"

"செத்தவர்கிட்ட ஒண்ணு, அவரோட தம்பிகிட்ட ஒண்ணு. வேற யாரும் உள்ள வர வழியில்ல. கடையை வித்துடலாம்னு தம்பி ஒத்தக்கால்ல நின்னாராம். அண்ணன் மசியலையாம்."

"தம்பியைக் கூப்பிடுங்க."

தம்பி சுவரைத் தடவித் தடவி வந்தார்.

"எனக்குத் தலைசுத்தல் மேடம். ஏணியில காலே வைக்க முடியாது. அண்ணாந்து பார்த்தாலே போச்சு. படுக்கையில வலது பக்கம் புரண்டா, அரை நிமிஷம் உலகமே சுத்தும். அப்புறம் தானா நின்னுடும்."

இன்ஸ்பெக்டரின் பேனா அப்படியே நின்றது.

வலது பக்கம்... அரை நிமிஷம்... தானாக நிற்கும்... அடப்பாவி, இது என் தலை அல்லவா!

"குனிஞ்சு செருப்பு மாட்டினா?" ஆவலாகக் கேட்டார்.

"அப்பவும் சுத்தும் மேடம்."

"ரெண்டு தலையணை வெச்சுத்தான் தூங்குவீங்களா?"

"மூணு மேடம்."

ஏட்டு இருமினார். "மேடம்... கொலையைப் பத்திக் கொஞ்சம்..."

"இவரால ஏணி ஏற முடியாது ஏட்டய்யா. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

இரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன்னைப் போல ஒரு ஜீவன்!

பிணத்தை எடுத்துப் போனார்கள். தம்பி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தை விலக்க ஏட்டும் வெளியே போனார்.

தம்பி இல்லையென்றால் வேறு யார்? கல்லாவுக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர், மனசு கேட்காமல் கூரைக் கொக்கியை அண்ணாந்து பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது!

தொங்கிய விளக்குகள் எல்லாம் ராட்டினம் சுற்றின. இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் கல்லாவுக்கு அடியில் சரிந்தார்...

யாரோ உள்ளே வரும் காலடிச் சத்தம்.

சுற்றல் அடங்கியதும் கல்லாவின் கால்களுக்கு இடையே எட்டிப் பார்த்தார். தம்பி! தனியாக வந்திருந்தார். சுவரைத் தொடக்கூட இல்லை.

வெளியே ஏட்டின் குரல் கேட்டது. "வழி விடுங்க... செத்தவரோட சம்சாரம் வர்றாங்க."

தம்பி அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. கடை நடுவில், எதையும் பிடிக்காமல், தலையைப் பின்னால் சாய்த்து நன்றாக அண்ணாந்தார். வலது கண்ணுக்கு ரெண்டு சொட்டு. இடது கண்ணுக்கு ரெண்டு சொட்டு. ஆள் துளி ஆடவில்லை.

தலையை இறக்கினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஐயோ அண்ணா..." என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"நல்லா வருது," என்றது கல்லா.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்ஸ்பெக்டர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "அழுகையும் பொய், தலைசுத்தலும் பொய். அண்ணாந்து பார்த்தாலே போச்சுன்னு சொன்னீங்களே... ரெண்டு கண்ணுக்கும் ஊத்துறவரைக்கும் ஒண்ணும் போகலையே?"

தம்பி வாசலுக்கு ஓடினார். நூல் பிடித்த மாதிரி நேராக ஓடினார். ஓடி, ஏட்டின் தொப்பையில் முட்டி நின்றார்.

ஜீப்பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு ஒரு விஷயம்தான் அரித்துக்கொண்டே இருந்தது.

"வியாதியே இல்லாம அவ்ளோ கரெக்டா எப்படிச் சொன்னே?"

"என் மாமனாருக்கு இருந்துச்சு மேடம். காதுக்குள்ள பொடிப்பொடியா கல் இருக்குமாம். அது இடம் மாறினா இப்படித்தான் சுத்துமாம். ஒரு காது டாக்டர், மருந்தே கொடுக்காம, தலையை இப்படி அப்படித் திருப்பியே சரி பண்ணிட்டாரு."

"காது டாக்டரா!"

ஆறு டாக்டர் பார்த்தாயிற்று. ஒருத்தர்கூடக் காது பக்கம் போகவில்லையே...

"அவர் அட்ரஸ் சொல்லு."

"இதையும் வாக்குமூலத்துல சேர்க்கணுமா மேடம்?" என்றார் ஏட்டு.

"வேணாம். எனக்குத் தனியா எழுதிக் கொடுங்க."

சாயங்காலம் மேலதிகாரி போன் செய்தார். "கல்லாவுக்கு அடியில பதுங்கினீங்களாமே. பிரமாதமான ஐடியா."

"நன்றி சார்," என்றார் இன்ஸ்பெக்டர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

மறுநாள் காது டாக்டர் அவரைப் படுக்கவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, கண்ணை உற்றுப் பார்த்தார்.

"அதேதான்," என்றார்.

தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினார். உடம்பைப் புரட்டினார். உட்காரவைத்தார். "திரும்ப வந்தாலும் வரலாம். வந்தா வாங்க, இதேதான் வைத்தியம்."

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பயந்து பயந்து அண்ணாந்து பார்த்தார்.

கூரை, கூரையாகவே இருந்தது.

அழுதுவிட்டார். சொட்டு மருந்து இல்லாமலே.

"என்னம்மா இது, காரை பார்க்கிங் பண்ற மாதிரி திருப்பினாரு, சரியாப் போச்சு?" கணவர் நம்ப முடியாமல் கேட்டார். "ஆறு டாக்டருக்குப் புரியாததை ஒரு கொலைகாரன் கண்டுபிடிச்சானா?"

"ஆமாங்க."

"அப்ப அவனுக்கு ஃபீஸு?"

"கோர்ட்ல கொடுப்பாங்க. ஆயுள் முழுக்க."