செவலையின் இடது கன்னம்

வியாழக்கிழமை காலை பத்து மணி. தொட்டியிலிருந்து எடுத்த தலைத்தோலை மர்ஜியா அலசியபோது, இடது கன்னத்து முடி கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. போச்சு.

லப்பைக்குடிக்காட்டில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கல்லூரிகளுக்கும் ஆசைப்பட்டவர்களுக்கும் செத்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி, உருவம் மாறாமல் பாடம் பண்ணிக் கொடுப்பவள் அவள். நாய், கிடா, குதிரை என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன. எதற்கும் இப்படி அவள் கையில் முடி கொட்டியதே இல்லை. இந்தத் தோலின் சொந்தக்காரர் விக்கிரமங்கலம் பக்கத்துச் சாமிதுரை. அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை செவலை, திங்கட்கிழமை செத்துப்போனது.

நல்ல நேரம் பார்த்து அவரே போனில் வந்தார்.

"தலை எப்பம்மா ரெடியாவும்? மருதாயி மேல இன்னிக்குக் கேஸ் போடறாங்க. சாயங்காலம் ரிமாண்டாம்."

மருதாயி, சாமிதுரைக்குப் பக்கத்துக் காட்டுக்காரி. போன வாரம் செவலை அவளுடைய மக்காச்சோளத்தை மிதித்ததில் வாய்ச்சண்டை. இருந்தாலும் தினமும் காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, தொட்டியில் கழனித்தண்ணி ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை. தலையை மட்டும் மர்ஜியாவிடம் கொடுத்துவிட்டு மாட்டைப் புதைத்த பிறகு, அந்தத் தண்ணியில்தான் விஷம் என்று சாமிதுரையின் மகன் முத்தமிழ் ஆரம்பித்தான். மூன்று நாளாக அவளைக் காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பொழுது சாய அனுப்புகிறார்கள்.

மர்ஜியா தோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அலுப்பாக இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குள் போய் நிற்க யாருக்கு ஆசை?

முடி ஏன் கொட்டும்? சுண்ணாம்பு பட்டால் கொட்டும். அவள் கொட்டகையில் சுண்ணாம்பே கிடையாது. உப்பு சேராவிட்டால் கொட்டும். காதை உள்வெளியாகத் திருப்பிக் கல்லுப்புத் தேய்த்தது அவளேதான். சாவுச் சடங்கில் மாட்டை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய ஈரமா? அது இரண்டு கன்னத்திலும் பட்டது. படிகாரத் தொட்டியில் மொத்தத் தோலும்தானே ஊறியது? வலது கன்னத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரு முடிகூட வரவில்லை.

தோலை வாளியில் போட்டு மூடி, பஸ் பிடித்து, அரியலூரில் மாறி அவள் விக்கிரமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வெளி பெஞ்சில் மருதாயி குனிந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே எஸ்.ஐ. சிந்தாமணியின் மேசைக்கு முன்னால் சாமிதுரையும் முத்தமிழும்.

"வாளியில என்னம்மா?" என்றாள் சிந்தாமணி. அவளும் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

"செவலைங்க. தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"கேளுங்க."

"மாடு எப்ப விழுந்துச்சு?"

"ஏழரைக்கு. அந்தம்மா ஊத்திட்டுப் போன கையோட," என்றான் முத்தமிழ்.

"செத்த மாட்டை உக்கார வச்சது எப்ப?"

"உடனேக்கா. எட்டு மணிக்குள்ள. எங்க ஊர்ல வாடிவாசல் மாடு செத்தா படுக்கப் போட மாட்டோம்ல."

"நான் பத்து மணிக்கு வர்ற வரைக்கும்?"

"கொம்புல கயிறு கட்டி நிமுத்தித்தான் வச்சிருந்தோம். நீங்கதான் பாத்தீங்களே."

மர்ஜியா வாளியைத் திறந்து, தோலை மேசைமேல் விரித்தாள். சிந்தாமணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படின்னா இந்தக் கன்னம் தரையில அரை மணி நேரம் கூடக் கெடக்கலை. ஆனா இந்தப் பக்கம் மட்டும் வேரோட முடி வருது. செத்த மாடு சாணி ஈரத்துல, சூடு ஆறாம, ஒரே கன்னத்துல ராத்திரி பூராக் கெடந்தாத்தான் இப்படி ஆவும். உக்கார வச்ச மாட்டுக்கு ஆவாது. அன்னிக்கு வாயைத் திறக்க முடியாம தாடை வெறச்சிருந்துச்சு. ரெண்டரை மணி நேரத்துல அவ்வளவு வெறைக்காது. கூட்டத்துல நான் அதை யோசிக்காம விட்டுட்டேன். செவலை ஞாயித்துக்கிழமையே செத்துப்போச்சுங்க. அண்ணே, அன்னிக்கு வூட்டுல யாரு இருந்தா?"

சாமிதுரை மகனைப் பார்த்தார். "நானும் உங்கம்மாவும் திருமழபாடிக் கோயிலுக்குப் போயிட்டோம். திங்கக்கிழமை எட்டு மணிக்குத்தான வந்தோம்? நீதானடா இருந்த."

முத்தமிழ் மேசையைப் பார்த்தபடியே சொன்னான். "வீடியோ எடுக்கலாம்னு நானும் பசங்களும் உச்சி வெயில்ல ஓட விட்டோம்ப்பா. சாயங்காலம் கட்டுத்தறியில சரிஞ்சிருச்சு. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன். காலையில அந்தம்மா ஊத்துற சத்தம் கேட்டுச்சு..."

சாமிதுரை கையை ஓங்கினார். பிறகு அடிக்கவும் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொய்ப்புகார் என்று அவன்மேல் எழுத சிந்தாமணி வேறு தாளை எடுத்தாள்.

மர்ஜியா வெளியே வந்தாள். "எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம். நீங்க ஊத்துறதுக்கு முந்தின நாளே அது செத்துப்போச்சு."

மருதாயி எழவில்லை. "நெசமாவா தாயி? பூசணித் தோலு போட்டிருந்தேன். அது தொண்டையில சிக்கிக்கிச்சோன்னு நானே நம்பிட்டேன். நான்தான் கொன்னேன்னு இன்னிக்கு ஒத்துக்கலாம்னுதான் வந்தேன்."

மர்ஜியா அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.