வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டு

ப்ளாமெனின் புது வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சோபியா நகரத்தையும் கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, சேற்று வயலில் கொண்டுபோய்க் கட்டியிருந்தான். வாசல் தூண்களில் சிமெண்ட் சிங்கங்கள் வேறு. ரொட்டி வாங்கவும் கார் எடுக்க வேண்டும். இதற்குப் பெயர் நிம்மதியாம்.

"ஒரு சத்தம் கேக்குதா மச்சான்?" என்றான் என் தங்கையின் கணவன், பெருமையாக.

"நாய்கூட இல்லையே மாப்ளே. அதுக்கே சலிச்சிருக்கும்."

"அந்தப் பழைய அடுக்குமாடிப் புறாக்கூண்டுல மேல ஒருத்தன் தும்முனா கீழ ஒருத்தன் மூக்கத் துடைப்பான். மனுஷன் இருப்பானா அங்க?"

தங்கை ரலிட்சா சூப் ஊற்றினாள்.

அவன் இன்று உயிரோடு இருப்பதே அந்தப் புறாக்கூண்டால்தான். அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அங்கே எல்லா மாடிகளையும் துளைத்துக்கொண்டு போகும். மேலே சத்தம் போட்டால் கீழ் வீட்டார் அதைத் தட்டித் திட்டுவார்கள். ப்ளாமெனும் கீழ் வீட்டுக் கிழவர் மெத்தோடியும் மட்டும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கரண்டியால் மூன்று தட்டு. ஆபத்து, உடனே வா என்று பொருள்.

நெஞ்சு வலித்த அன்று ப்ளாமென் தட்டினான். கிழவர் ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அந்த அவசரத்திலும் கட்டம் போட்ட துணிச்செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டு வந்தவன் இவன்.

"மெத்தோடி செத்துட்டாரு," என்றேன். "விழுந்து எந்திரிக்க முடியல. கையில கரண்டியோட கிடந்தாராம். தட்டிப் பாத்திருக்காரு, மேல உன் வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரல."

ரலிட்சா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்றது? இங்க இருந்து எனக்குக் கேக்குமா?" என்றான் ப்ளாமென்.

டக். டக். டக்.

ஜன்னலுக்குக் கீழே இருந்த வெந்நீர்க் குழாயிலிருந்து. அந்தக் குழாய் வேறு யார் வீட்டுக்கும் போவதில்லை.

"குழாயில காத்து அடைச்சிருக்கும்," என்றான் ப்ளாமென்.

மறுபடி கேட்டது. இம்முறை மெலிந்து, விட்டு விட்டு.

"உங்களத்தாங்க கூப்பிடுறாரு," என்று ரலிட்சா கிசுகிசுத்தாள்.

ப்ளாமென் எழுந்தான். ஸ்பேனரை எடுத்தான். "போதும், நிறுத்து" என்று குழாயில் ஓங்கி அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

சத்தம் நின்றது.

"ஐயோ, மூணு தட்டிட்டீங்களே," என்றாள் என் தங்கை.

தரைக்கு அடியில் யாரோ காலை இழுத்து இழுத்துப் படியேறினார்கள்.

அந்த வீட்டுக்குக் கீழ்த்தளமே கிடையாது. வெறும் சேறுதான்.

காலடி ஓசை வாசலுக்கு வெளியே வந்து நின்றது. மணி அடிக்கவில்லை. ப்ளாமென் நெஞ்சைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றான். இவனை நம்பிப் பயனில்லை என்று நானே போய்க் கதவைத் திறந்தேன். பனியைத் தவிர யாரும் இல்லை.

கால்மிதி மேல் ஒரு ஜோடி கட்டம் போட்ட பழைய துணிச்செருப்பு, முனை வீட்டைப் பார்த்தபடி.

மெத்தோடி மரியாதை தெரிந்த மனிதர். வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.