அனைவரும் வீடு திரும்பினர்

மார்ல்காட்டில் பல வாரங்களாக மழை இல்லை. நவம்பர் மாத இங்கிலாந்தில் தங்கள் ஊர் மட்டும் காய்ந்து கிடப்பதைப் பற்றி ஆட்கள் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொண்டார்கள். மார்ல்காட்காரர்களுக்கு எதைப் பற்றியும் பெருமையாகப் பேச வரும். அப்படிக் காய்ந்த ஒரு மத்தியானத்தில், சர்ச் முகப்பின் தொப்பி மாட்டும் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எடித் டான்ஸ்லி பாலிஷ் டப்பாவும் துணியுமாக வாசற்படியில் நின்றுவிட்டாள். ஒரு சொட்டு. நின்று, யோசித்து, இன்னொரு சொட்டு. கல்தரையின் பள்ளத்தில் சின்னதாய்க் குளம் கட்டியிருந்தது. பலகையின் கடைக்கோடியில் பட்டாளத் தொப்பி ஒன்று தொங்கியது. நனைந்த கம்பளியின் நாய் வாடை, அதற்கு அடியில் மண்வாடை. மார்ல்காட் மண் சிவப்பு. ஈரம் பட்டால் இரும்புபோல் மணக்கும். தொப்பியில் அப்பியிருந்ததோ சாம்பல் நிறச் சேறு. குளம் வற்றி மீன் செத்த நாற்றமும், வெடிமருந்தின் காரமும், அதற்கும் கீழே பெயர் சொல்ல மனம் வராத ஒரு தித்திப்பும் அதில் இருந்தன.

அதைவிட மோசம், தொப்பி தொங்கிய இடத்தில் முளையே கிடையாது. எப்போதோ ரம்பத்தால் அறுத்த முளையின் வடு மட்டும் பலகையோடு பலகையாக இருந்தது. ஒரு நூலைக்கூட அதில் மாட்ட முடியாது.

"என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" பின்னால் நெல் ஃபென் ஒரு கூடை சாமந்தியோடு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். "யாரு தொப்பி? எங்க வீட்டு ஜோபியோடதா? ஆத்துல விழுந்து எந்திரிச்சு வந்தானா பாவி?"

"ஜோபியோடது இல்ல."

"அப்ப யாரோடதோ. நீ போய்த் தகட்டைத் தேய். ஆனா பாத்துத் தேய் அக்கா, நீ தேய்க்கிற தேய்ப்புல எழுத்து பாதி போயிடுச்சு. இன்னும் நாலு வருஷத்துல தகடு மொட்டையாயிடும்."

தகடு என்றால் உள்ளே சுவரில் பதித்த பித்தளைத் தகடு. அதன் வரலாறு ஊருக்கே மனப்பாடம். பெரிய யுத்தம் முடிந்ததும் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊர்களும் செத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் கர்னல் ஹார்காட் ஒன்றைக் கண்டுபிடித்தார். யுத்தம் முழுவதும் துறைமுகத்தில் நின்று கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் ஏற்றி அனுப்பிய வீரர் அவர். மார்ல்காட்டிலிருந்து போன ஆண்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. இந்த ராஜ்யத்திலேயே இப்படி ஒரு கை விரல்விட்டு எண்ணும் அளவு ஊர்கள்கூட இருக்காது என்றார். கடவுள் மார்ல்காட்டைத் தனியாகக் கவனித்திருக்கிறார். அதில் கமிட்டிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் என்றால், எடித்தின் மகன் வில்ஃபைத் தவிர.

கமிட்டி ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தது. கர்னல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "பாருங்கம்மா, உங்க பையன் பட்டாளத்துல சேர்ந்தப்ப ஹார்ப்டன்ல புல்லறுப்பு வேலைக்குத்தானே போயிருந்தான்? ராத்திரி அங்கதானே படுத்தான்?"

"ஆமாங்கய்யா. அறுப்பு முடியற மட்டும்."

"அப்ப அவன் யுத்தத்துக்குப் போனது ஹார்ப்டன்லேர்ந்து. நம்ம ஊர்லேர்ந்து இல்ல."

"அவன் சட்டையெல்லாம் நான்தாங்கய்யா துவைச்சேன். ஞாயித்துக்கிழமை கொண்டாந்து போடுவான்."

"துவைச்சது யாருங்கிறது கேள்வி இல்லம்மா. படுத்தது எங்கங்கிறதுதான்."

கர்னலின் மனைவி உலர்பழக் கேக் ஒன்றை மேசையில் வைத்தாள். பெரிய கேக். பெரிய மனிதர்கள் ஐந்தாறு பேர் சின்ன அறையில் மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்திருக்க, நடுவில் கேக். எடித் சரி என்று தலையை ஆட்டினாள். ஹார்ப்டன்காரர்களும் நியாயவான்கள்தான், அவன் மார்ல்காட்டில் பிறந்தவன், எங்கள் கல்லில் இடமில்லை என்றுவிட்டார்கள். புதைக்க உடலும் இல்லை. ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்துச் சேற்றின் மேல் போட்டிருந்த பலகைப் பாதையில் வில்ஃபுக்குப் பின்னால் நடந்தவன் நெல்லின் வீட்டுக்காரன் ஜோபி ஃபென். ஊர் திரும்பியதும் அவள் சமையலறையில் நின்று ஒரே ஒருமுறை சொன்னான்: "கால் வழுக்கிடுச்சு. இடுப்பு மட்டும், அப்புறம் கழுத்து மட்டும். கையை நீட்டினேன் எடித்தக்கா. நீட்டத்தான் முடிஞ்சுது." அதற்குப்பின் அவன் குடிக்க ஆரம்பித்தான்.

தச்சன் இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல், போனவர்கள் அத்தனை பேருக்கும் தொப்பி மாட்ட முளை அடித்துவிட்டான். ஒன்று மிஞ்சியது. கமிட்டி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விவாதித்து அதை அறுக்கச் சொன்னது. தகட்டைத் துடைக்கும் கௌரவத்தை எடித்துக்கு அளித்தது.

வருஷாவருஷம், யுத்தம் நின்ற நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி பொழுது சாயும் நேரத்தில் ஆராதனை நடக்கும். திரும்பி வந்தவர்கள் முகப்பில் தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே வருவார்கள். பாதிரியார் தகட்டை உரக்க வாசிப்பார்: "இவ்வூரிலிருந்து போனவர்கள்..." சபை முழுதும் எழுந்து முடிக்கும்: "அனைவரும் வீடு திரும்பினர்." எடித்தும் எழுந்து சொல்வாள். சொல்லாமல் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதைக் கடவுள் மட்டும் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒரு வருஷம், ஆராதனைக்கு மறுநாள், ஆற்றுப் பாலத்தின் நடுவில் பூட்ஸ் தடங்கள் தொடங்கியிருந்தன. சாம்பல் நிறச் சேறு. நாலடி வந்து, நின்றுபோயிருந்தன. அடுத்த வருஷம் மைல்கல் வரை. அதற்கடுத்த வருஷம் மில் சந்துக்குள். நரி என்றார்கள், நாடோடி என்றார்கள், ஜோபி குடித்துவிட்டு நடந்திருப்பான் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மில் சந்தில் மாடுகள் நடக்க மறுத்தன. அதற்கு மாடுகளைத் திட்டினார்கள். போன வருஷம் எடித்தின் வீட்டுச் சந்தின் கேட் திறந்து கிடந்தது. கேட்டை மூடாமல் போவதற்காக அவள் வாழ்நாளில் ஒரே ஒருவனைத்தான் திட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. நீ செத்துவிட்டாய் என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. கல் இல்லை, மணி அடிக்கவில்லை, வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்கவில்லை. பதிலாக, ஊர் மொத்தமும் கோவிலில் எழுந்து நின்று, நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று வருஷாவருஷம் சத்தியம் பண்ணுகிறது. அவன் பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. அந்தச் சேற்றிலிருந்து கையை ஊன்றி ஊன்றி எழுந்து, வந்துகொண்டிருக்கிறான்.

இந்த வருஷ ஆராதனைக்காக அவள் தகட்டைத் துடைத்து முடித்தபோது ஜன்னல்களில் வெளிச்சம் பழுப்பாகிவிட்டிருந்தது. முகப்பில் கர்னலின் குரல் கேட்டது.

"யாரோட தொப்பி இது? லண்டன்லேர்ந்து பத்திரிகைக்காரர் வர்ற நேரத்துல... எடுத்து எறிங்கப்பா."

யாரும் எடுக்கவில்லை. ஜோபி ஃபென் தொப்பியின் முன்னால் நின்றிருந்தான். அன்று குடிக்கவில்லை, குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும்படி முகம் வெளுத்திருந்தது. "எங்க ரெஜிமென்ட்டு," என்றான். தன் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எடித் கர்னலின் எதிரே போய் நின்றாள். "அய்யா. இன்னிக்கு என் பையன் பேரை ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க. செத்துப்போனான்னு. அது போதும். தகட்டுல வேணாம், கல்லுல வேணாம். வாயால ஒரு தடவ."

கர்னல் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார்.

"உங்க வருத்தம் எங்களுக்குத் தெரியாதாம்மா," என்றார் கர்னல் மென்மையாக. "ஆனா ஒண்ணைச் சேர்த்தா மொத்தமும் பொய்யாயிடும் இல்லையா? ஊர் மானம் இருக்கே."

"அடுத்த கமிட்டியில பேசலாம்மா," என்றார் பாதிரியார். "கண்டிப்பா பேசலாம்."

அப்படியானால் தானே சொல்லிவிடுவது என்று எடித் முடிவு செய்தாள். எழுந்து நிற்கும்போது, எல்லோரும் வாய் திறக்கும் முன், நாலு வார்த்தை. என் மகன் வில்ஃப் செத்துவிட்டான். அவன் காதில் அது விழவேண்டும். விழுந்தால் நடையை நிறுத்துவான். எங்கே நிற்கிறானோ அங்கேயே படுத்து உறங்குவான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மெழுகுவர்த்திகள் எரிந்தன; சாமந்தியும் மெழுகும் ஊர்க்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகளின் பூச்சி உருண்டையும் கலந்த மணம் மெல்ல ஏறியது. கர்னல் தீவனப் பிரிவில் தாம் கண்ட தியாகங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பத்திரிகைக்காரர் குறித்துக்கொண்டார். அந்தப் பேச்சின் இடுக்குகளில், மூடிய கதவுக்கு அப்பால், முகப்பில், தண்ணீர் சொட்டும் சத்தம் எடித்துக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு கேட்கவில்லை.

கதவின் தாழ்ப்பாள் எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. முதல் தடவையில் அவனுக்கு ஒருபோதும் திறக்க வராது.

குளிர்காற்று அவள் பிடரியைத் தொட்டது. ஒரு காலடி. சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம், கல்தரையில். இன்னொன்று. முன்வரிசைகளில் ஒரு தலையும் திரும்பவில்லை; ஜோபியின் தோள்கள் மட்டும் காதுவரை ஏறின. காலடி அவள் வரிசைக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு இல்லை. சொட்டுதான். அவள் தோளில் ஒன்று. கழுத்தில் ஒன்று.

"இவ்வூரிலிருந்து போனவர்கள்..." என்றார் பாதிரியார்.

சபை எழுந்தது. எடித்தும் எழுந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். கர்னல் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த நாற்றத்துக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, வேறொரு வாசம் வந்தது. வெயிலில் காய்ந்த புல். அதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சட்டை துவைத்த மஞ்சள் சோப்பு. இத்தனை வருஷமாக அவன் மூட்டை முடிச்சுகளில் அவள் தேடித் தேடி, துணிகளை முகத்தில் அழுத்தி அழுத்தி, தீர்த்துவிட்ட வாசம். நாலு வார்த்தை சொன்னால் இது போய்விடும். இதோடு அவனும்.

"அனைவரும் வீடு திரும்பினர்," என்றாள் எடித். அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விடத் தெளிவாக.

கர்னல் மனமுருகித் தலையசைத்தார். பத்திரிகைக்காரர் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னால் காலடிகள் வெளியேறின. இப்போது தயக்கமே இல்லை.

முகப்பில் தொப்பி இல்லை. பள்ளத்தில் தண்ணீர் மட்டும்.

"விருந்துக்கு வரலையாக்கா?" என்றாள் நெல். "வாத்து வறுத்திருக்காங்க. கர்னல் அய்யா பேச்சைக் கேட்டதுக்கு அந்த வாத்தாவது மிஞ்சணும்."

"வீட்டுல வேலை இருக்கு."

"தனிக்கட்டைக்கு அப்படி என்ன வேலை?"

எடித் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சந்தில் இருட்டு தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. கேட் திறந்து கிடந்தது. அவள் அதை மூடவில்லை. கல் பாவிய நடையில் சாம்பல் தடங்கள், ஒவ்வொன்றிலும் நீர் தளும்பியது. வீட்டுக்கதவு சாத்தியிருந்தது. கைப்பிடி வழவழப்பாக இருந்தது.

உள்ளே போனாள். தாழ்போட்டாள்.

அடுப்பு எரிந்தது. அவள் மூட்டிவிட்டுப் போகவில்லை. எரிந்தது, சூடு இல்லை. அடுப்பைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், முதுகைக் காட்டியபடி, உட்கார்ந்திருந்தான். தொப்பி முழங்காலில். கால்களைச் சுற்றிச் சேறு பரவிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

"கேட்டை மூடமாட்டியாடா," என்றாள்.

தோள்கள் குறுகின. திட்டினால் அப்படித்தான் குறுகுவான்.

தட்டில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வைத்தாள். தொடவில்லை. அவன் ஏதோ சொல்ல முயன்றான். வாய் திறந்தது, சேறு வந்தது. விழுங்கினான். மறுபடி திறந்தான். மறுபடி சேறு.

"இரு. இரு ராசா. வாயைத் துடைச்சு விடறேன்."

பாலிஷ் துணிதான் கையில் இருந்தது. மோவாயைப் பிடித்து, தன் பக்கம் திருப்பினாள். சின்ன வயதில் பிடிப்பதுபோல. கண்களை அவள் பார்க்கவில்லை. வாயோரம் துடைத்தாள். சேறு வந்தது. கன்னம் துடைத்தாள். வந்தது. சேற்றுக்கு அடியில் அவன் இருப்பான். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் போதும்.

துணி கனத்தது.

ஊர்க்கூடத்தின் பக்கம் மணி அடித்தது. விருந்து தொடங்கிவிட்டது. வாழ்த்துச் சத்தம்.

அவள் துடைத்தாள். கன்னம் இருந்த இடம் வழவழப்பானது. மூக்கின் மேடு கரைந்தது. உதடு துணியோடு வந்தது. அவன் அசையாமல், பொறுமையாக, முகத்தை ஏந்திக் கொடுத்தான். அடுப்பு வெளிச்சத்தில் அந்த இடம் தேய்ந்த பித்தளைபோல மினுங்கியது, எழுத்தில்லாமல். அவள் கை நிற்கவில்லை.