காயாத சந்தனம்

காலையில் இட்ட சந்தனம் சாயங்காலமாகியும் காயவில்லை. அந்த ஏ.சி. அறையில் அரை மணியில் உதிர்ந்திருக்க வேண்டியது, டைப்ரைட்டர் மாதிரி தட்டுகிற டெலிபிரிண்டரின் ஒவ்வொரு விசையிலும், நடுவில் குங்குமத்தோடு, இப்போதுதான் யாரோ தொட்டு வைத்ததுபோல் ஈரமாக மின்னியது. அடையாற்றில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் மையத்தில் ஆயுத பூஜை முடிந்து, தரையெல்லாம் பொரியைச் சிந்திவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். ஸ்ரீனிவாசராகவன் மட்டும் மிச்சம். நாளைக்குப் பெரிய மனிதர்கள் வந்து பார்க்கப்போகிற கம்ப்யூட்டர் மிஷின் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. ஓடவில்லையென்றால் அவன் தலைதான் உருளும்.

பக்கத்து வீட்டு போனிலிருந்து மனைவி விஜயலக்ஷ்மி கூப்பிட்டிருந்தாள். "பூஜை பண்ணி வெச்சதை நாளை வரைக்கும் தொடப்படாதுன்னா. நம்ம வேதவல்லிக்கு நாளைக்கு அக்ஷராப்யாசம், முதல் எழுத்து எழுதப்போறா. இன்னிக்கு ஆத்துல அவ கையில ஒரு பென்சில்கூட நான் கொடுக்கலை."

"ஒரு கம்பியைச் சொருகறதுக்கு சாஸ்திரம் பாக்கணுமா?"

"நானும் குழந்தையும் பஸ் ஏறி வரோம். கோவிலுக்குப் போணும். கிளம்பி நில்லுங்கோ."

டெலிபிரிண்டரின் கம்பியை மிஷினின் முதுகில் செருகினான். தட்டுகிற எழுத்து நேரே காகிதத்தில் விழாது; கம்பி வழியே உள்ளே போய், மிஷின் அதைத் திருப்பி அனுப்பினால்தான் விழும். குளிர்சாதனத்தின் உறுமலுக்கு அடியில், வாடிய சாமந்தியும் ஊதுபத்திச் சாம்பலும் சூடான எண்ணெயும் கலந்த வாசனையில், காகிதம் ஒரு வரி நகர்ந்தது.

பெயர்?

தன் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்து, எஸ் தட்டினான். வி விழுந்தது.

இரண்டு மிஷின்களின் வேகமும் பொருந்தாவிட்டால் எழுத்து மாறித்தான் விழும். பலமுறை பார்த்ததுதான். கையை எடுத்துக்கொண்டான்.

இ விழுந்தது. டி. ஏ.

நிற்கவில்லை. வேதவல்லி என்று முழுதாக அடித்துவிட்டு ஓய்ந்தது.

கம்பியைப் பிடுங்கி எறிந்தான். எல்லாம் அடங்கிவிட்டது. பிறகு விசைகளைப் பார்த்தான். அவன் தொட்டது ஒன்றைத்தான். மகளின் பெயருக்கு உரிய விசைகளிலெல்லாம் சந்தனம் துடைத்தாற்போல் போயிருந்தது. பயந்தான். நன்றாகவே பயந்தான்.

"அப்பா."

வாசலில் விஜயலக்ஷ்மி. குழந்தை அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தது.

"அவளைத் தூக்கு. வெளியில போ."

"ஏன், என்னாச்சு?"

வேதவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். சிந்திய பொரிமேல் விரலை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓர் எழுத்தும் அறியாதவள். வி. இ. டி. கோணல் இல்லாமல்.

"யார்டி சொல்லிக் கொடுத்தா?" விஜயலக்ஷ்மி குனிந்து பார்த்தாள்.

"கையைப் பிடிச்சிண்டு எழுத வெக்கறா." குழந்தை நிமிரவில்லை. "ஜில்லுனு இருக்கும்மா."

அவன் பாய்ந்து அந்தக் கையைப் பற்றி இழுத்தான். வரவில்லை. சின்ன மணிக்கட்டைச் சுற்றி, ஈரச் சந்தனத்தில், நீள நீளமாக விரல் தடங்கள். அவன் இழுக்க இழுக்க அவை இறுகின. குழந்தையின் விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.