எண்பதுக்குக் குறையாது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால், ஒன்பதே முக்காலுக்கெல்லாம் மரகதவல்லியும் அவள் கணவர் தணிகாசலமும் வெளியுடுப்பை மாட்டி, தலைக்கவசத்தைத் திருகிப் பூட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே செவ்வாய்க் கிரகத்தின் புழுதியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வேறு வழியில்லை. அவர்கள் வீட்டுக் காற்றாக்கி ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் மூச்சு கொடுக்கும். வீடு வாங்க நம் ஆட்கள் என்றைக்காவது இரண்டு பேராக வந்ததுண்டா? வாங்குகிறவர், மனைவி, மாமனார், மச்சான், மச்சானுக்குத் தெரிந்த கட்டட மேஸ்திரி என்று எட்டுப் பேர் வருவார்கள். ஐந்து பேர் உள்ளே போவார்கள், மீதி மூன்று பேர் முறைக்காக வாசலில் நிற்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு வீட்டில் மூச்சுவிட இடம் இருக்காது.

அந்த ஞாயிறு அவர்கள் இரண்டு மணி நேரம் புழுதியில் உட்கார்ந்திருந்தார்கள். யாருமே வரவில்லை.

"வருவாங்க, வருவாங்க," என்றார் தணிகாசலம், தலைக்கவச ஒலிவாங்கியில். பதினோரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். மரகதவல்லி ஒருக்களித்து நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது.

செவ்வாயில் உடம்பின் எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். முதலில் அது சுகமாகத்தான் இருக்கும். முப்பது வருடம் அந்தச் சுகத்தை அனுபவித்தால், வேலை இல்லாத எலும்பு மெலிந்துகொண்டே போகும். செவ்வூர்க் குடியிருப்பின் மருத்துவர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "இந்தக் கப்பல்ல கிளம்பிட்டீங்கன்னா, ஏழு மாசப் பயணத்துல உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா பாரத்துக்குப் பழக்கிடுவாங்க. பூமியில இறங்கி நடக்கலாம். அடுத்த கப்பல் இருபத்தாறு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் உங்க எலும்பு தாங்காதும்மா. அப்புறம் பூமியைப் படத்துலதான் பாக்கணும்." பூமியில் அவள் மகள் பூவிழி இருந்தாள், திருப்பூரில். மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

கப்பல் கிளம்ப இன்னும் ஒன்பது நாள். இரண்டு இருக்கைகளுக்கும் பதிவு செய்தாகிவிட்டது. வீடுதான் விடமாட்டேன் என்றது. செவ்வூரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு வரிசையில் இருபது வீடுகளின் காற்றுக் குழாய்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. கவனிக்க ஆளில்லாத ஒரு வீட்டில் விரிசல் விட்டால் பத்தொன்பது குடும்பம் திணறும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றுப் பொறுப்பு என்று ஒன்று உண்டு. அது இன்னொருவர் பெயருக்கு மாறினால்தான் பழைய சொந்தக்காரர் கப்பலேறலாம்.

விற்பதற்கு உதவ, குடியிருப்பு அலுவலகம் ஒரு விற்றுதவியைக் கொடுத்திருந்தது. சுவரில் பதிந்த, பணிவான குரல் கொண்ட இயந்திரம். முந்நூற்று நாற்பது வீடுகள் விற்பனைக்கு நின்றன. அத்தனைக்கும் அது ஒன்றுதான் ஆலோசகர். நல்ல ஆலோசகர் என்றுதான் சொல்ல வேண்டும். குடும்பப் படங்களைக் கழற்றுங்கள் என்றது. கழற்றினார்கள். குளியலறையில் சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள் என்றது. சரிசெய்தார்கள், மறுவாரம் மறுபடி சொட்டியது. பார்க்க வரும் நாளில் கருவாடு சமைக்காதீர்கள், ஏலக்காய் தட்டிப் போட்டுத் தண்ணீர் கொதிக்க வையுங்கள், வாங்க வருபவர் பின்னாலேயே போய் அலமாரியைத் திறந்து காட்டாதீர்கள் என்றது. எல்லாம் செய்தார்கள். அவள் சாப்பிடும் தட்டு, போர்த்தும் போர்வை, மகள் அனுப்பிய மர யானை எல்லாம் பெட்டிக்குள் போயின. பதினோரு மாதமாகத் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தாள் மரகதவல்லி.

ஒன்றை மட்டும் தணிகாசலம் கேட்கவில்லை.

"இப்போதைய சந்தையில் இந்த வீட்டுக்கு அறுபது இலட்சம் என்பதே பொருத்தமான விலை," என்று விற்றுதவி மாதாமாதம் சொல்லும்.

"பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் எவ்வளவுக்கு வித்தான்? எண்பது! அவன் வீட்ல சமையலறையில நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது. எண்பதுக்குக் குறையாது."

"அவர் விற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஐயா."

"அதனால என்ன? ஆறு வருஷத்துல ஏறித்தானே இருக்கணும்!"

வாங்குகிறவர்கள் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள், விற்கிறவர்கள் இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். எந்த வீடும் அசையவில்லை.

அன்றைக்கு உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் தணிகாசலம் படுத்துத் தூங்கிவிட்டார். மரகதவல்லி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏலக்காய்த் தண்ணீர் வற்றிப் பாத்திரம் அடிப்பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மூச்சு அழுது தீர்த்தாள்.

"இனிமே யாரும் வர வேணாம்," என்றாள் சுவரைப் பார்த்து. "வாசப் பலகையை மாத்திடு. விற்பனைக்கு இல்லைன்னு போடு."

"விற்கும் எண்ணத்தைக் கைவிடுகிறீர்களா, அம்மா? கப்பல் கிளம்ப ஒன்பது நாட்கள் உள்ளன."

"தெரியும்பா. எனக்கு முடியல. ஒரு வாரமாவது என் வீட்ல நான் நிம்மதியா கருவாட்டுக் குழம்பு வச்சு சாப்பிட்டுக்கறேன். விடு."

விற்றுதவி ஒரு கணம் யோசித்தது. பலகையில் எழுத வாசகம் வேண்டுமே. பூமியின் பழைய ஆவணங்களைத் துழாவி, தமிழ்நாட்டுக் காலிமனைகளின் மதிற்சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஒரு வாசகத்தை எடுத்தது. மதியம் மூன்று மணிக்கு ஏழாவது வரிசை பன்னிரண்டாம் வீட்டின் வாசலில் அது சிவப்பாக ஒளிர்ந்தது: இந்த வீடு விற்பனைக்கு அல்ல. மீறி வாங்குவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

மரகதவல்லி நிஜமாகவே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மர யானையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வாசல் மணி அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே புழுதியில் முப்பது பேராவது வெளியுடுப்போடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"விற்பனைக்கு இல்லைன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் ஒலிவாங்கியில்.

"அதாம்மா கேக்கறோம். ஏன் இல்ல?" என்று முதலில் நின்றவர் கேட்டார். அவருக்குப் பின்னாலிருந்து ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பனிச்சுரங்க ரயில் ஏழாவது வரிசை வழியாகத்தான் வருகிறதாம். இல்லை, இல்லை, அடியில் ஊற்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். அரசாங்கமே எடுத்துக்கொண்டு மூன்று மடங்கு கொடுக்கப்போகிறதாம். எல்லாருக்கும் இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்திருந்தது.

அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள் பேருந்து ஜன்னல் வழியாக அந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். விற்பனைக்கு என்று எழுதியிருந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. விற்பனைக்கு அல்ல என்று எழுதியிருந்தால் அந்த இடத்தின்மேல் யாரோ கண் வைத்திருக்கிறார்கள். கண் வைத்த இடமென்றால் நல்ல இடமாகத்தானே இருக்க வேண்டும். மூன்று தலைமுறையும் பல கோடி மைலும் தாண்டி வந்தும் அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

தணிகாசலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோனது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"எண்பது தர்றேங்கறாங்க. கையெழுத்துப் போட்டுடலாம்ங்க," என்றாள் மரகதவல்லி.

"எண்பதா? பைத்தியமா உனக்கு? முப்பது பேர் நிக்கறாங்க! நாளைக்கு அறுபது பேர் வருவாங்க. நூறு தாராளமா போகும்."

"கப்பலுக்கு எட்டு நாள்தாங்க இருக்கு. பதிவுக்கே ரெண்டு நாள் ஆகும்."

"எட்டு நாள் கெடக்குல்ல?" குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்னொண்ணு. அந்த ரயில் விஷயம் நிஜமா இருந்தா, விக்கறதே முட்டாள்தனம்."

மரகதவல்லி அவரையே பார்த்தாள். "அந்தப் பலகையை மாத்தச் சொன்னது நான். எனக்கு இடுப்பு வலிச்சுது, அதனால மாத்தச் சொன்னேன். ரயிலும் இல்ல, கியிலும் இல்ல."

"இருக்கட்டும். இத்தனை பேரும் ஒண்ணுமில்லாமலா வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எத்தனையோ பொறுத்திருக்கிறாள். இன்றைக்கு எலும்பே போகிறது, இந்த மனுஷருக்கு இன்னும் இருபது இலட்சம் வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வீடு அவள் பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் சலுகை உண்டென்று தணிகாசலமே அடம்பிடித்து அவள் பெயரில் பதிந்தார். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

கூட்டத்தில் செங்கமலம் நின்றிருந்தாள். காற்றாக்கி பழுதுபார்க்கும் பெண். இதே வீட்டை மூன்று முறை வந்து பார்த்து, ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று மூன்று முறையும் திரும்பிப் போனவள். மரகதவல்லி அவளை மட்டும் உள்ளே அழைத்தாள்.

"செங்கமலம், உண்மையைச் சொல்லிடறேன். இங்க ரயில் வரல, ஊத்து வரல. அலுப்புல பலகையை மாத்தச் சொன்னேன். அவ்வளவுதான். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுது."

செங்கமலம் சிரித்தாள். "விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான்க்கா சொல்லுவாங்க. என்கிட்ட ஒளிக்காதீங்க. எண்பது."

"சத்தியமா சொல்றேன்."

"நீங்க சத்தியம் பண்ணப் பண்ணத்தான்க்கா எனக்குச் சந்தேகமா இருக்கு. எண்பத்தொண்ணு!"

மரகதவல்லி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு, "எண்பதே போதும்மா, எழுந்திரு," என்று பதிவகத்துக்குக் கிளம்பினாள். மதியத்துக்குள், கையெழுத்தோடு மூச்சையும் பதிய வேண்டும் என்ற விதிப்படி அவள் ஒரு குழாயில் ஊதினாள், செங்கமலம் இன்னொரு குழாயில் ஊதினாள், காற்றுப் பொறுப்பு கைமாறத் தொடங்கிவிட்டது. எழுதிக்கொடுத்தது எழுதிக்கொடுத்ததுதான்.

அன்று மாலை விற்றுதவி மெதுவாகக் கேட்டது. "அம்மா, பதினோரு மாதங்கள் நான் கூறிய ஆலோசனைகளில் பிழை எங்கே என்று தெரியவில்லை."

"உன் யோசனையில ஒரு தப்பும் இல்லப்பா. அதை மனுஷங்ககிட்ட சொன்னே பாரு, அங்கதான் கோளாறு."

இயந்திரம் கற்றுக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. மறுநாள் பொழுது விடிந்தபோது மீதி முந்நூற்று முப்பத்தொன்பது வாசல்களிலும் இந்த வீடு விற்பனைக்கு அல்ல என்று சிவப்பாக ஒளிர்ந்தது. வாங்க வந்தவர்கள் திரும்பின பக்கமெல்லாம் அதையே பார்த்தார்கள். எல்லா இடமும் நல்ல இடம் என்றால் எதுவும் நல்ல இடம் இல்லை என்று கலைந்து போனார்கள். செவ்வூரில் அதற்குப் பிறகு ஒரு வீடும் விற்கவில்லை.

தணிகாசலம் நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் வெறிச்சோடிக் கிடந்த வரிசைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கப்பல் கிளம்பியது. உடம்பைப் பாரத்துக்குப் பழக்க இருக்கைகள் மெல்லச் சுழல ஆரம்பித்தபோது மரகதவல்லி தன் கால்களில் கொஞ்சம் பாரத்தை உணர்ந்தாள். வலித்தது. பூவிழியின் வீட்டு வாசலில் தன் காலாலேயே நடந்து போய் நிற்பதை நினைத்துப் பார்த்து, மர யானையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த இருக்கையில் சோலையப்பன் என்றொருவர். தணிகாசலம் அவருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீடு விக்கறதுல முக்கியம் என்னன்னா சார், அலையக் கூடாது. நான் பதினோரு மாசம் அசையல. எண்பதுன்னா எண்பது. கரெக்டான நாள்ல வித்தேன் பாருங்க, அடுத்த நாளே சந்தை படுத்துடுச்சு. இதெல்லாம் ஒரு கணிப்புதான்."

"நமக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் இல்லைங்க," என்றார் சோலையப்பன். "மதுராந்தகம் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன அரை கிரவுண்டு ஒண்ணு சும்மா கெடக்கு. எத்தனையோ பேர் கேட்டாங்க. நான் விக்கறதா இல்லன்னுட்டேன்."

தணிகாசலம் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏன் சார் விக்க மாட்டேங்கறீங்க? அந்தப் பக்கம் ஏதாவது வருதா?"

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு மாதப் பயணத்தில் அது முதல் நாள்.