பேர் எழுதாத பரிசு

சப்-இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிவப்பிரகாசம் வாழ்க்கையில் இனி ஆசைப்பட்டது ஒன்றுதான்: சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தாற்போல் மனை போட்டுக் கட்டிய அந்த நகரில் அது மட்டும் வாய்க்கவில்லை. அன்றும் கண் சொருகும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆஸிஃபா அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, பொண்ணு நிக்காஹ்வுக்கு வெச்சிருந்த ஜிமிக்கி போயிடுச்சு. எங்கம்மா போட்டுக்கிட்டது. பரண்ல ஒரு கிஃப்ட் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். டப்பாவையே காணோம்."

"யார் மேலம்மா சந்தேகம்?"

"வீட்டுக்குள்ள வர்றது வேலைக்காரி திரௌபதிதானே. இனிமே வராதேன்னு சொல்லிட்டேன். ஸ்டேஷனுக்குப் போலாம்னா இவரு வேணாங்கறாரு."

"நான் அவளை அப்பவே நினைச்சேன்!" என்று உள்ளிருந்து ஓடி வந்தாள் சுலோசனா. கணவர் சர்வீஸில் பிடித்த திருடர்களைவிட அவள் டிவி முன் உட்கார்ந்து பிடித்தவர்கள் அதிகம். சிவப்பிரகாசம் பெருமூச்சு விட்டுச் சட்டையை மாட்டினார். அவளும் கூடவே கிளம்பினாள்.

ஆஸிஃபா வீட்டு கேட்டைப் பிடித்தபடி திரௌபதி நின்றிருந்தாள். உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களில் இந்தத் தெருதான் அவளுக்குச் சோறு. "நான் எடுக்கல சார். திருடின்னு பேரு வந்துட்டா அப்புறம் எவங்க வீட்டுல என்னைச் சேப்பாங்க?"

"உள்ள வாம்மா" என்றார்.

பரணில், குடிவந்தபோது கிடைத்த மிக்ஸி, டின்னர் செட், சுவர்க் கடிகாரம் எல்லாம் சுற்றிய தாளோடு அப்படியே இருந்தன. அந்த நகரில் பரிசை யாரும் பிரிப்பதில்லை. திருப்பித் தருவதும் இல்லை. அடுத்த விசேஷத்துக்கு அனுப்பி வைப்பார்கள். கொடுத்தவர் வீட்டுக்கே போய்த் தொலையக் கூடாதே என்று பெயர்ச் சீட்டை மட்டும் அதுவரை விட்டு வைப்பார்கள்.

"காணாமப் போனதுல யார் பேரு இருந்துச்சு?"

"அந்த ஹாட் பாக்ஸ்ல மட்டும் பேரே இல்லண்ணே. யாரு குடுத்ததுன்னு தெரியாம யாருக்குத் தூக்கிக் குடுக்கிறது? அது எங்கயும் போகாதுன்னுதான் அதுல வெச்சேன்."

சிவப்பிரகாசம் எல்லோரையும் ஹாலில் உட்காரச் சொன்னார். திரௌபதி மட்டும் நின்றாள்.

"ஜிமிக்கி உள்ள இருக்கிறது ஆஸிஃபாவுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாம வந்த திருடன் மிக்ஸியைத்தானே தூக்குவான்? எடுத்தவருக்கு விலை முக்கியமில்ல. பேர் இல்லாத டப்பா வேணும். சீட்டைக் கிழிச்சா தாளும் கிழியும் பாருங்க. அது திருடனோட கவலை இல்ல, அவசரமா விசேஷத்துக்குக் கிளம்புறவரோட கவலை."

ஆஸிஃபாவின் கணவர் நசுருதீன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கம் போன வீட்டுல ஸ்டேஷன் வேணாம்னு சொன்னது நீங்க. ஆஸிஃபா சென்னைக்குத் துணி எடுக்கப் போன அன்னைக்கு இந்தத் தெருவுல என்ன விசேஷம் பாய்?"

"உங்க மணிவிழாதான் சார்" என்றார் நசுருதீன். "பாண்டிச்சேரியில புதுசா வாங்கினேன்னு இவகிட்ட சொல்லிட்டேன். ஜிமிக்கி விஷயம் காலையிலதான் தெரியும். குடுத்த கிஃப்ட்டை உங்ககிட்ட எப்படி சார் திருப்பிக் கேக்கிறது?"

சிவப்பிரகாசத்துக்கு அலுப்பை மீறிக் கோபம் வந்தது. "நீங்க வெக்கப்படுறதுக்கு இந்தப் பொண்ணு திருடியாகணுமா?"

பிறகு மனைவியிடம் திரும்பினார். சுலோசனா வாசல் பக்கம் நழுவப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு வந்ததுல பேர் இல்லாத டப்பா எங்க, சுலோசனா?"

"ஆஸிஃபா பொண்ணு நிக்காஹ்வுக்குத்தான்... புதுத் தாள் சுத்தி வெச்சிருக்கேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளே வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். தாளைப் பிரித்தால் பச்சை நிற ஹாட் பாக்ஸ். அதற்குள் கைக்குட்டையில் ஜிமிக்கி. ஆஸிஃபா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரௌபதியின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கடி. நாளைக்கு வந்துடு."

திரௌபதி ஹாட் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பச்சைன்னா புடிக்குமேன்னு கடை கடையா தேடி வாங்கினேம்மா. தெனம் வர்றவதானே, பேரு எதுக்குன்னு எழுதல. இத நானே எடுத்துக்கவா?"

ஆஸிஃபா பிடித்திருந்த கையை விட்டாள். திரௌபதி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த நகரில் கொடுத்தவர் கைக்கே திரும்பிப் போன முதல் பரிசு அதுதான். சிவப்பிரகாசம் எழுந்து போய் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.